ஊசியக்கா தேடிய முகம்

எமனுக்கு அஞ்சாதவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. ஊசியக்காவுக்கு அஞ்சாத ஒரே ஒரு ஆளை, தேவிபட்டினத்தில் ஆரம்பித்து ராமநாதபுரம் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

கிராம செவிலியராக எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்தவர் அவர். அவருக்கு ஒரு பெயர் உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டுக்காரரே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான், "ஓ, ஊசியக்காவா?" என்பார்.

எங்கள் ஊர் செம்மணலேந்தல். ஏந்தல் என்றால் தண்ணீரை ஏந்தி நிற்கிற இடம். எங்கள் ஏந்தல் ஏந்தியதெல்லாம் மணலைத்தான். நல்ல சிவப்பு மணல். ஆடிக் காற்றில் கிளம்பினால் கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வந்து, அடுப்படி வரை போய், சோற்றுப் பானையில் இறங்கி உட்காரும். "உன் சோத்துல மண்ணு விழ" என்று மற்ற ஊர்களில் திட்டுவார்கள். எங்கள் ஊரில் அது மதியச் சாப்பாடு. பழைய ஊர் என்று ஒன்று மேற்கே இருந்தது. வறட்சியும் மணலும் சேர்ந்து துரத்த, ஜனங்கள் வீடு வீடாகப் பெயர்ந்து ரோட்டோரத்துக்கு வந்துவிட்டார்கள். பழைய ஊர் இப்போது மணல்மேட்டுக்கு அடியில் கிடக்கிறது.

இந்த மணலில்தான் ஊசியக்கா வெள்ளைச் சேலையும் தோளில் தடுப்பூசிப் பெட்டியுமாக நடந்து வருவார். தூரத்தில் அந்த வெள்ளை தெரிந்தால் போதும், பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பே ஜன்னல் வழியாகக் காலியாகும். முனியசாமி என்று ஒருவர். ஊசிக்குப் பயந்து பனைமரத்தில் ஏறிக்கொண்டார். அக்கா கத்தவில்லை, கெஞ்சவில்லை. மரத்தடியில் பெட்டியை இறக்கி வைத்து அதன்மேல் உட்கார்ந்து, யார் வீட்டிலிருந்தோ டீ வரவழைத்துக் குடித்துக்கொண்டு காத்திருந்தார். பொழுது சாய்ந்து முனியசாமி இறங்கியதும் போட்டார். முனியசாமிக்கு அப்போது இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

இப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றபோது ஊர் எவ்வளவு நிம்மதியாகத் தோளைத் தடவிக்கொண்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மாலை போட்டோம், கேசரி கிண்டினோம், பேசும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டோம். எல்லாரும் சந்தோஷமாகவே துடைத்துக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷம் காளிமுத்து தாத்தா இறந்த அன்றோடு முடிந்தது.

நான் ராமநாதபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். தாத்தா இறந்ததும் அவர் மகன் ஓடி வந்து, மாலை போட ஒரு படம் வேண்டும் என்றார். கையில் இருந்தது அடையாள அட்டை மட்டும்தான். அடையாள அட்டைப் படத்தில் யாருமே மனிதராகத் தெரிவதில்லை. தாத்தா கோழி திருடிக் கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். முடிந்தவரை சரிசெய்து, பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாத்தாவின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்தார். "இது யாருப்பா?" என்றார்.

துக்கத்துக்கு வந்திருந்த ஊசியக்கா அதைக் கேட்டுவிட்டார். எழுந்து, பக்கத்து வீட்டுக்குள் போனார். அடுத்த வீட்டுக்குள் போனார். தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டுச் சுவராகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என் தோளைப் பிடித்தார்.

"ஏலே ஸ்டூடியோ, இந்த ஊர்ல செத்துப்போன ஆம்பளைகள்ல பாதிப் பேருக்குப் படம் இல்ல. பொம்பளைகளுக்குச் சுத்தமா இல்ல. மணலு ஊரத்தான் மூடுச்சுன்னு நெனச்சேன். ஆளுகளையுமா மூடும்?"

மறுநாள் காலையில் என் ஸ்டூடியோ வாசலில் நின்றார்.

"கடையப் பூட்டு. ஊருக்குப் போறோம்."

"அக்கா, உள்ள பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆள் உக்காந்திருக்காரு."

"அவரு மூஞ்சி நாளைக்கும் இருக்கும். சோலையம்மா கெழவி இருக்குமா?"

உள்ளே இருந்தவர் பயந்துபோய், "நான் நாளைக்கே வாரேங்க" என்று எழுந்துவிட்டார். பிறகு விசாரித்ததில் அவருக்கும் சின்ன வயதில் ஊசியக்காதான் ஊசி போட்டிருக்கிறார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. உயிரோடு இருக்கிற பெரியவர்களிடம் பழைய ஊரின் கதைகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்வது, பழைய படம் எந்த வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தாலும் தோண்டி எடுப்பது. பதிவு செய்ய அக்காவின் செல்போன். படத்துக்கு நான். பேச மறுப்பவர்களுக்கு, ரத்த அழுத்தம் பார்க்கிற அந்தப் பழைய பாதரசக் கருவி.

கருவி எதற்கு என்று முதலில் எனக்கும் புரியவில்லை. முத்தையா வீட்டில் புரிந்தது. "கைய நீட்டு" என்றார் அக்கா. பழக்க தோஷத்தில் முத்தையா நீட்டிவிட்டார். பட்டையைச் சுற்றிக் காற்றடித்தபடியே, "ம், பழைய ஊரப் பத்திச் சொல்லு" என்றார்.

"கோயில் கெணறு இருந்துச்சுல்லக்கா, அத எங்க தாத்தாதான் வெட்டுனாரு. ஒத்த ஆளா."

அக்கா பாதரசத்தையே பார்த்தார். "ஏறுதே முத்தையா."

"வெயில்க்கா."

"கெணத்தச் சொல்லையில மட்டும் அடிக்கிற வெயிலா?"

"நாலஞ்சு பேரு வெட்டுனாகக்கா. எங்க தாத்தாவும் இருந்தாரு."

"ஏறுது."

"கரையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தாருக்கா."

"இப்ப எறங்கிருச்சு. மேல சொல்லு."

மருத்துவ விஞ்ஞானம் இந்த முறையை ஒப்புக்கொள்ளாது. செம்மணலேந்தல் ஒப்புக்கொண்டது. ஊரில் அந்தக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்து பெருமை பேசிய ஆள் அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பதிவுகளில் வீரதீரம் குறைவு; வாழ்ந்தது அதிகம். மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைவதற்குள் பெண்கள் மூன்று சண்டையும் இரண்டு கல்யாணப் பேச்சும் முடித்துவிடுவார்களாம். இந்த மண்ணுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று அபிராமம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், காற்றுக் காலத்தில் வழி தெரியாமல் இங்கேயே தங்க நேர்ந்து, கடைசியில் பெண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் போனாராம். கட்டிக்கொண்டு வந்த அந்தப் பெண் ஆயுசு முழுக்க, "எங்க அய்யா பாத தெரியாம என்னையக் குடுத்துட்டுப் போயிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

பழைய ஊரில் எந்த வீடு எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும் என்றார் அக்கா ஒருநாள். காகிதத்தில் வரையச் சொன்னால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வரைந்தார்கள். அக்கா ஒரு மினி லாரியைப் பிடித்து, நடக்க முடிந்தவர், முடியாதவர் எல்லாரையும் அதில் ஏற்றி மணல்மேட்டில் கொண்டுபோய் இறக்கினார். "அவுகவுக வீட்ல போயி உக்காருங்க" என்றார்.

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர், இடிந்து தலைநீட்டிக்கொண்டிருந்த கோயில் சுவரைக் குறி வைத்து எட்டு வைத்து நடந்து போய், ஒரு இடத்தில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் வெறும் மணலில் ஒரு தெரு எழுந்து வந்தது. எல்லாம் அமைதியாக நடந்துகொண்டிருந்தபோது இருளாயிக்கும் நாகம்மாளுக்கும் சண்டை மூண்டது. இரண்டு பேரும் பழைய ஊரில் பக்கத்து வீட்டுக்காரிகள். பக்கத்து வீடு என்பதாலேயே ஜென்மப் பகை.

"எந்திரிடி. நீ உக்காந்திருக்கது எங்க அடுப்படி."

"ஆமா, இவ அடுப்படி! சொவரத் தள்ளித் தள்ளிக் கட்டி எங்க வாசல்ல பாதிய முழுங்குன குடும்பந்தான நீ?"

மணலுக்கு அடியில், யாரும் குடியிருக்காத, இனி யாரும் குடியிருக்க முடியாத வீட்டுக்கு எல்லைத் தகராறு. நான் விலக்கிவிடப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விடுலே. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சொவரு எங்கன இருந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்று செல்போனை அவர்கள் பக்கம் நீட்டினார்.

அன்று கோயில் சுவரில் ஏறி நின்று நான் எடுத்த படம்தான் இப்போது ஊர் முழுக்க எல்லார் போனிலும் இருக்கிறது. சிவப்பு மணலில் ஒரு தெரு நிறையப் பெரியவர்கள், அவரவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேர் மட்டும் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அக்காவுக்கு வேண்டியது இறந்தவர்களின் முகம். பழைய படங்கள் இருந்த ஒரே இடம் கல்யாண ஆல்பங்கள். சுற்று வட்டாரத்தில் கொஞ்சம் வசதியான வீடுகளில் நடந்த கல்யாணங்களுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் வேலைக்கும் விருந்துக்கும் போயிருப்பார்கள். அக்கா வீடு வீடாகப் போய் ஆல்பத்தை வாங்குவார். வீட்டுக்காரர்கள் பெருமையாக, "இதுதான் நான், இதுதான் அவுக" என்று காட்டினால், "உங்கள யாரு பாக்க வந்தா? கொஞ்சம் நகருங்க" என்பார். படத்திலிருப்பவர்களை எப்படி நகர்த்துவது என்று அவர்கள் விழிப்பார்கள். அக்காவின் கண் எப்போதும் மணமேடைக்குப் பின்னால், பந்தியின் கோடியில், கை கழுவுகிற இடத்தில் இருக்கும். அப்படித்தான் ஒரு சமையல்காரரின் முகம் மணமகளின் தோளுக்கு மேல் கிடைத்தது. பெரியகருப்பன் என்பவரின் முகம் பந்தியில் கிடைத்தது. அப்பளத்தைக் கடித்த நொடியில் எடுத்த படம். வேறு படமே இல்லை. இன்றைக்கும் அவர் வீட்டுச் சுவரில், மாலைக்குள்ளிருந்து அப்பளம் கடித்துக்கொண்டிருக்கிறார். "அவரு உசுரோட இருக்கையிலயும் இப்படித்தான் இருப்பாரு" என்று அவர் மனைவிக்கு அதில் ரொம்பத் திருப்தி.

ஒவ்வொரு முகமாகக் கிடைத்துக்கொண்டே வந்தது. கிடைக்காத முகம் ராக்குவினுடையது.

ராக்கு, பஞ்சவர்ணத்தின் அம்மா. பஞ்சவர்ணம் எங்கள் ஊரில் கரிமூட்டம் போடுகிறவர். கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே தழையும் மண்ணும் மூடி, உள்ளே நெருப்பு வைத்து, எரியவும் விடாமல் அணையவும் விடாமல் கரியாக்குவது. ஆம்பளைகள் போட்ட மூட்டம் சாம்பலாகிப் போகும்; பஞ்சவர்ணம் போட்ட மூட்டம் சொன்னபடி கேட்கும். அவரிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே ராக்கு காய்ச்சலில் இறந்துபோனார். வளர்த்தது அய்யா. அவரும் இப்போது இல்லை. அம்மா எப்படி இருப்பார் என்று கேட்டால் ஒருவர் சிவப்பு என்றார், ஒருவர் மாநிறம் என்றார், ஒருவர் பஞ்சவர்ணம் மாதிரியே என்றார், இன்னொருவர் பஞ்சவர்ணம் அச்சு அசல் அவள் அப்பன் என்றார்.

அக்கா போய்க் கேட்டபோது பஞ்சவர்ணம் மண்வெட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"எனக்கு எதுக்குக்கா? இம்புட்டு வருசமா பாக்காத மூஞ்சி. இனிமே பாத்து என்னத்தக் கண்டுக்கப்போறேன்? போயி வேற சோலியப் பாருங்க."

ஊசியக்காவை ‘போ’ என்று சொன்ன ஒரே ஆள் பஞ்சவர்ணம்தான். திரும்பி வரும்போது அக்கா கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். பாதி வழியில் நின்றவர், "ஏலே, ராக்கு செத்தப்ப இந்த ஊருக்கு நர்சே கெடையாது. யாரையும் போடாம வச்சிருந்தாக. பெறகுதான் என்னையப் போட்டாக. நான் வாரதுக்குள்ள போயிட்டா" என்றார். அதற்குப் பிறகு அந்த முகத்தைத் தேடுவதில் அவர் காட்டிய பிடிவாதம் இருக்கிறதே, பனைமரத்தடிப் பிடிவாதமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வழி கிடைத்தது இருளாயியின் பேச்சில். பஞ்ச காலத்தில் அரசாங்கம் கண்மாய் வெட்டும் வேலை கொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒருநா ஜீப்புல ஆபீசரு வந்தாரு. கூட ஒருத்தரு, கழுத்துல கேமராப் பொட்டி. எல்லாரும் கூடையத் தூக்கி வரிசையா நில்லுங்கன்னாரு. மண்ணோட தூக்குனோம். அப்பத்தான் ஆபீசரு சீப்ப எடுத்துத் தலை சீவுறாரு. சீவுறாரு, சீவுறாரு, சீவிக்கிட்டே இருக்காரு. எங்க கழுத்து இங்கன ஒடியுது."

அக்காவின் கையிலிருந்த ரப்பர் குமிழ் அப்படியே நின்றது. "ராக்கு இருந்தாளா?"

"அவ இல்லாமயா? அன்னைக்கு எல்லாரும் இருந்தோம்."

அந்த ஆபீசர் யார், எங்கே இருந்தார் என்று அக்கா விசாரித்தார். அக்கா விசாரித்தால் ஒரு மாவட்டமே பதில் சொல்லும். ஆபீசர் காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. அவர் மகன் ராமநாதபுரத்திலேயே ஜவுளிக்கடை நடத்தி, இப்போது பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. போனோம்.

ராக்குவையும் பஞ்சவர்ணத்தையும் பற்றிச் சொன்னோம். கூடத்துச் சுவரில் ஆபீசர் இருந்தார். முட்டை வடிவில் வெட்டிய அட்டைக்கு நடுவே மார்பளவு படம். ஒரு முடிகூடக் கலையாத தலை. இருளாயி சொன்னதில் பொய்யே இல்லை. நான் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். அட்டையின் விளிம்பில், அவர் காதுக்கு மேலே, வளைவாக ஏதோ ஒன்று. கூடையின் ஓரம்.

"அக்கா, இது பெரிய படம். படத்துக்குச் சட்டம் போட்டவர் இவரு மட்டும் தெரியட்டும்னு மேல அட்டைய ஒட்டிட்டாரு. மத்தவங்க எல்லாம் அட்டைக்குக் கீழ இருக்காங்க."

ஜவுளிக்கடைக்காரர் பதறிவிட்டார். "ஐயா, எங்கப்பாவுக்குப் படம்னு இது ஒண்ணுதான் இருக்கு. பசை போட்டு ஒட்டியிருக்கு. பிரிச்சா கிழிஞ்சிரும். கிழிஞ்சுபோச்சுன்னா நான் யாரப் பாத்து விளக்கேத்துவேன்?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. அக்கா பையிலிருந்து கருவியை எடுத்தார். "கைய நீட்டுங்க." நீட்டினார். "அழுத்தம் கூடுதலா இருக்கு. ஊறுகாயத் தொடாதீக. அடுத்த வாரம் வந்து பாக்குறேன்."

அடுத்த வாரம் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊறுகாய் ஜாடியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று அவர் மனைவியிடம் ரகசியமாக விசாரித்துக் கண்டுபிடித்தார். அந்த அம்மாள் மொத்தமாக அக்கா கட்சிக்கு வந்துவிட்டார். ஒருநாள் கையில் பட்டை சுற்றியிருக்கும்போதே ஜவுளிக்கடைக்காரர்தான் கேட்டார், "அந்தப் புள்ள இப்ப என்ன செய்யிது?"

"மூட்டம் போட்டுக்கிட்டு இருக்கு. ஒண்ணும் கேக்கல அது. வேணாம்னுதான் சொல்லுது." அக்கா காற்றைத் திறந்துவிட்டுப் பட்டையைக் கழற்றினார். "நீங்க தெனமும் எந்திரிச்சு அப்பா மொகத்தப் பாக்குறீக. அவளுக்கு ஒரு கெட்ட கனவுல வாரதுக்குக்கூட அம்மான்னு ஒரு மொகம் கெடையாது."

அவர் கொஞ்ச நேரம் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியைப் போட்டு ஏறி, படத்தை அவரே கழற்றி என் கையில் கொடுத்தார். "கிழிஞ்சா எங்கிட்டச் சொல்லாதீங்க தம்பி. பேசாம திரும்ப மாட்டிருங்க. நான் மூக்குக் கண்ணாடி போடாமப் பாத்துக்கிறேன்."

முதலில் இருந்தபடியே அதைப் படமெடுத்துக்கொண்டேன். எது போனாலும் அப்பா முகம் இருக்கட்டும் என்று. அவர்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, ஈரப் பஞ்சால் பசையை ஊறவைத்துப் பிரிக்க ஆரம்பித்தேன். கடற்காற்றும் பூச்சியும் எனக்கு முன்பே பாதிப் பசையைத் தின்றிருந்தன. அக்கா பஞ்சை நனைத்து நனைத்துக் கொடுத்தார். ஜவுளிக்கடைக்காரர் சமையலறையில் போய் நின்றுகொண்டார். ஒரு மூலையில் சரக்கென்று சத்தம் கேட்டது.

"என்ன போச்சு?" உள்ளேயிருந்து குரல்.

"ஜீப்புச் சக்கரம் ஒண்ணு அட்டையோட வந்துருச்சுங்க."

"ஜீப்பு கவர்மெண்டுதுதானே, போகட்டும்."

அட்டை முழுக்க வந்ததும் அக்கா மூச்சை விட்டார். ஆபீசருக்குப் பின்னால் ஒரு வரிசை நிறையப் பெண்கள். தலையில் மண் கூடை, புழுதி படிந்த சேலை, ஒவ்வொரு முகமும் விரல் நகம் அளவு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். ஒருத்தியைத் தவிர. அவள் கூடையோடு பக்கவாட்டில் திரும்பியிருந்தாள்.

பெரிதாக்கி, ஊருக்குக் கொண்டுபோனோம். அக்கா இருளாயியைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினார். இருளாயி விரலை நேராகத் திரும்பியிருந்தவள்மேல் வைத்தார். "இதான் ராக்கு."

"மொகமே பாதிதான தெரியிது? எப்படிச் சொல்ற?"

"நல்லா நாவகம் இருக்கு. கருவமரத்துல புள்ளையத் தூளி கட்டிப் போட்டிருந்தா. படம் புடிக்கையில அது கத்த ஆரம்பிச்சிருச்சு. இவ திரும்பிட்டா. இங்கிட்டுப் பாரு, இங்கிட்டுப் பாருன்னு அந்த ஆளு வஞ்சாரு. இவ பாக்கவே இல்ல."

அடுத்து நாகம்மாள். இருளாயி என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு யாரையாவது காட்டியிருப்பார். அவரும் அதே முகத்தைத் தொட்டார். அதே அழுகை, அதே வசவு. அந்த இரண்டு பேரும் வாழ்நாளில் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா மட்டும் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படித் தயங்கி நான் பார்த்ததே இல்லை.

"இம்புட்டுப் பாடுபட்டு பாதி மொகந்தானலே கெடச்சிருக்கு. வேணாம்னு சொன்னவள வம்பா இழுத்து, பாதியக் கொண்டுபோயி நீட்டவா?"

"இவ்வளவு தூரம் வந்துட்டோம். காட்டிருவோம்க்கா."

மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. பஞ்சவர்ணம் அதைச் சுற்றி வந்து, புகை கசிகிற இடத்திலெல்லாம் மண்ணை அள்ளி அப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா படத்தை நீட்டினார்.

"கை கரியா இருக்கு. நீங்களே புடிங்க" என்றார் பஞ்சவர்ணம். பிறகு பார்த்தார். யார் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் கண் வரிசையில் ஒவ்வொரு முகமாகப் போய், அங்கே வந்து நின்றது.

"இதா?"

"இதான் ஆத்தா."

"எதுக்கு அங்கிட்டுப் பாக்குது?"

அக்கா சொன்னார். தூளி, அழுகை, கேமராக்காரர் திட்டியது, அவள் திரும்பாதது, எல்லாவற்றையும் சொன்னார்.

பஞ்சவர்ணம் படத்துக்குக் கிட்டத்தில் குனிந்தார். "அப்ப, என்னையவா பாக்குது?"

"உன்னையத்தான்."

மூட்டத்தின் ஒரு பக்கம் புகை பிடுங்கிக்கொண்டு வந்தது. எப்போதும் முதல் ஆளாக ஓடுகிற பஞ்சவர்ணம் திரும்பவே இல்லை. நான்தான் போய் மண்ணை அள்ளி அடைத்தேன், தப்பும் தவறுமாக. வந்து பார்த்தால் அவர் இன்னும் அந்தப் படத்துக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தார்.

"மண்ணுக் கூடையோட திரும்பியிருக்கு பாருங்கக்கா. கழுத்து என்னமா வலிச்சிருக்கும்" என்றார்.

ஊருக்கெல்லாம் பதில் வைத்திருக்கிற அக்கா, அன்று மூக்கை மட்டும் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது பஞ்சவர்ணம் என்னைக் கூப்பிட்டார். "எனக்கு ஒண்ணு பெருசா போட்டுத் தாங்கண்ணே. அந்த ஆபீசரு வேணாம்."

அவருக்கு ஆபீசர் இல்லாமல் போட்டுக் கொடுத்தேன். ஜவுளிக்கடைக்காரருக்குப் பழையபடி முட்டை வடிவில் அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார். முழுப் படத்தையும் அப்படியே மாட்டச் சொன்னார். ஒருநாள் இருளாயியை வீட்டுக்கு வரவழைத்து, வரிசையில் நிற்கிற ஒவ்வொருத்தியின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பாவில் ஆரம்பித்து வரிசையாகச் சொல்கிறார். ராக்குவிடம் வந்ததும் கதை கொஞ்சம் நீள்கிறதாம்.

குரல் பதிவுகள் எல்லாம் ஊர்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் இருக்கின்றன. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களும் கோயம்புத்தூரில் மில்லில் இருக்கிறவர்களும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்கிறார்கள். இருளாயி, நாகம்மாள் சண்டைக்குத்தான் கேட்பவர்கள் அதிகம். அந்தச் சுவர் யாருடையது என்று குழுவில் இன்னும் முடிவாகவில்லை.

இதோடு விடுவார் என்று நினைத்தேன். போன மாதம் ஸ்டூடியோவுக்கு வந்து, அபிராமம் பக்கத்தில் ஒரு ஊர் இருக்கிறது, அங்கேயும் சுவர்கள் வெறுமையாக இருக்கின்றன என்றார். நான் கடையைப் பூட்டிவிட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் என் மோட்டார் சைக்கிளில்தான் போகிறோம். அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வண்டியில் ஏறும்போது ஒரு கை இடுப்புக்குப் போகிறது. வலிக்கிறது என்று அவர் சொல்வதில்லை. சொன்னால் யாராவது ஊசி போட்டுவிடுவார்கள் என்று பயமோ என்னவோ. நானும் கேட்பதில்லை. அந்த ரோட்டில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் வண்டியை உருட்டுகிற மாதிரி மெதுவாக்கிவிடுவேன்.

"ஏலே, வெரசாப் போ. அங்கன ஒரு பெரியவரு பேச்சு நிக்கிற நெலமையில கெடக்காராம். உன் வண்டி என்ன இப்படி மொனங்குது?"

"பழைய வண்டிக்கா. இதுக்கு மேல போகாது" என்பேன்.

வண்டி வாங்கி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.